உப்பிட்டவர்கள்

அதிபர் வருகிறார் என்று
எங்களுக்குச் சொன்னவன் மேஸ்திரி கென்னாதி.
"உங்க ஊர்க்காரர்தானே" என்றான்,
என்னமோ என் சித்தப்பா வருகிற மாதிரி.
விமான நிலையச் சாலையில்
ஒரு பொட்டுப் பனி இருக்கக் கூடாதாம்.

இரவு இரண்டு மணி. மைனஸ் பத்தொன்பது.
ஆரஞ்சுச் சட்டையில் முப்பத்தெட்டுப் பேர்
மாஸ்கோவின் அகலத்தில் இறங்கினோம்.
ஐஸை உடைக்கிற கடப்பாரைகள் முன்னால்,
வாளியில் உப்பள்ளித் தூவுகிறவர்கள் பின்னால்.
நான் உப்பு.

போன வருஷம் நாங்கள் நாற்பது.
இரண்டு பேரை எல்லையில் திருப்பிவிட்டார்கள்,
கறுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதென்று.
ஒருவன் என் தம்பி குபாத்.
அவன் செய்த குற்றம்
வேலைச்சீட்டுக்குப் பணம் கட்ட நான்கு நாள் பிந்தியது.

மார்சேலுக்கு ஏணி வேலை.
கம்பத்துக்குக் கம்பம் எங்கள் கிர்கிஸ் கொடி,
சிவப்பின் நடுவே மஞ்சள் சூரியன்.
"தலைகீழாக் கட்டிட்டேனா, உம்சுனை?"
மேலிருந்து கத்தினான்.
"சூரியனுக்கு ஏதுடா தலை?"
அந்தக் குளிரிலும் சிரித்தோம்.

விடிந்ததும் எங்களைச் சந்துக்குள் ஒதுக்கினார்கள்.
குப்பை லாரிக்குப் பின்னால் நின்று
பிளாஸ்க் தேநீரைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டே
கறுப்புக் கார்களை எண்ணினோம்.
பதினொன்று.
எந்தக் கண்ணாடிக்குள் எங்கள் ஆள் என்று தெரியவில்லை.
சக்கரத்தடியில் உப்பு நொறுங்கியது மட்டும்
நன்றாகக் கேட்டது.

மறுநாள் தூதரகத்தில் சந்திப்பு.
அறுபது நாற்காலி, ஐந்து கேள்வி.
ஒரு கேள்வி எனக்குக் கிடைத்தது,
அதுவும் தாளில் அச்சடித்து:
'பிள்ளைகளின் தாய்மொழி வகுப்புக்கு என்ன ஏற்பாடு?'
எனக்குப் பிள்ளை இல்லை.
தாளை மடித்துக் கையுறைக்குள் செருகிவிட்டு
தம்பியின் பெயரைச் சொன்னேன்,
பிறந்த தேதியோடு.

மேடையோரத்தில் யாரோ எழுந்தார்கள்.
அவர் கையமர்த்தினார்.
அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.
கண் சிவந்து, கழுத்துப்பட்டை லேசாகக் கோணி.
எனக்கு அந்த முகம் தெரியும்.
கென்னாதியிடம் முன்பணம் கேட்டுவிட்டு
படியிறங்கி வருகிற எங்களின் முகம்.

"எரிவாயு விலை பேசினேன்" என்றார்,
"ரயில் பாதை பேசினேன், கடன் தவணை பேசினேன்.
நாலாவதாக உங்களைப் பேசினேன்.
அதற்குள் நள்ளிரவாகிவிட்டது."
பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
அதற்காக அவர்மேல் கோபப்படுவதா
பரிதாபப்படுவதா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று விஷயம் ஒப்பந்தமாகியிருந்தது.
பட்டியலை மறுபரிசீலனை செய்வார்கள். கைதட்டினோம்.
வேலைச்சீட்டுக்கு ஒரு மாதம் கூடுதல் தவணை. தட்டினோம்.
இறந்தவரின் உடலுக்கு விமானக் கட்டணம் கிடையாது.
கைகள் பாதியில் நின்றன.
பின்வரிசையில் யாரோ ஒருவர்
தனியாக இரண்டு தட்டு தட்டிவிட்டு
நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரியில் ஐந்தாம் மாடிக் கூரையில்
பனிக்கட்டி தட்டப் போன மார்சேல்
கூரையோடு வரவில்லை, தனியாக வந்தான்.

மூன்றாவது விஷயம்தான் முதலில் நடந்தது.
இரண்டே கையெழுத்து. ஒரு காசு கேட்கவில்லை.
"நல்லவேளை, உங்க அதிபர் வந்துட்டுப் போனார்"
என்றான் கென்னாதி. தொப்பியைக் கழற்றித்தான் சொன்னான்.

ஓஷ் விமான நிலையத்தில்
பெட்டியை வாங்கிக்கொண்டவன் குபாத்.
தோள் கொடுத்துவிட்டு அன்றிரவே கூப்பிட்டான்.
"மரம் கனமா இருந்துச்சு அக்கா" என்றான்.
அப்புறம் கொஞ்சம் பொறுத்து,
"பட்டியல் என்னாச்சு?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
சாலைக்கு அந்தப் பழக்கமில்லை.

பாலத்தருகே ஒரு கம்பத்தில் மட்டும்
கொடி இன்னும் தொங்குகிறது.
இறக்கச் சொல்லி உத்தரவு வந்தாயிற்று,
ஏணிக்குத்தான் ஆளில்லை.
அதனடியில் வழுக்குகிறது.
இன்றைக்கு அங்கே
இரண்டு வாளி போட்டேன்.