குடும்பப் பெயர்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லொரெயின் சொன்னாள்:
"மிஸ்டர் கந்தவனத்தின் இழப்புக்கு வருந்துகிறேன்."
டண்டினோங்கில், ரயில் பாதைக்குப் பின்னால்,
டயர்க் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில்
அவளுடைய மலர்ச்சாலை.
மேசையில் தண்ணீர், திசுப் பெட்டி, பேனா.

கந்தவனம் சாகவில்லை, என்றேன்.
கந்தவனம் அவனுடைய அப்பா.
முள்ளியவளையில் இப்போது விடிய ஐந்தரை,
எழும்பிப் பல் துலக்கிக்கொண்டிருப்பார்.
செத்தது கலைரூபன்.

அவள் பாஸ்போர்ட் பிரதியைத் திருப்பி வைத்தாள்.
குடும்பப் பெயர் என்ற இடத்தில்
கந்தவனம்தான் இருந்தார், பெரிய எழுத்தில்.
"பதிவுக்கு இதுதான் போகும்," என்றாள் மெதுவாக,
துயரத்தில் நான்தான் குழம்பிப்போனேன் என்பதுபோல.

எதனால், எத்தனை நாளாய் என்பதை
வைத்தியர் முன்பே எழுதி அனுப்பிவிட்டார்.
மிச்சம் என்னிடம் கேட்கவேண்டியவை.

தொழில்?
கோழித் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்,
தொடை வெட்டுகிற பெல்ட்டில் நிற்பவன்.
அவள் அதை இரண்டே சொல்லில் எழுதினாள்.
விவாகம்?
மூன்று சாதகம் வந்தது.
விசா சரிவரட்டும் என்று மூன்றும் திரும்பிப் போனது.
இல்லை என்று எழுதுங்கள்.
பிள்ளைகள், மூத்தது முதல்?
அதற்கும் இல்லை.

தாயின் பெயர், திருமணத்துக்கு முன்?

ஐந்து வருடம் ஒரே அறை.
நித்திரையில் அவன் பல்லை நெருடுவது தெரியும்.
ஜூன் மாதத்தில் எந்த முழங்கால் நோகும் என்று தெரியும்.
தாயின் பெயர் தெரியாது.
அவன் அவவை அம்மா என்றுதான் சொல்லுவான்.

வெளியே போய், டயர்க் கடை வாசலில் நின்று
போன் எடுத்தேன்.
"முந்தின பேரோ? அவளுக்கு ஏது தம்பி முந்தின பேர்.
யோகமலர். தேப்பன் சிற்றம்பலம்."
தாயின் தொழிலும் கேட்கினம் ஐயா.
அவர் போனை விலக்கிப் பிடித்து உள்ளே கேட்டார்.
தூரத்தில் ஒரு குரல்:
"இனி எனக்கென்ன வேலை."
லொரெயினிடம் வந்து, வீட்டு வேலை என்றேன்.

வழக்கமாக வசித்த இடம்?
ஒஸ்ரேலியாவில் எத்தனை ஆண்டு?
பதினொன்று.
பேனா அடுத்த பெட்டிக்குப் போனது.
நான் காத்துக்கொண்டிருந்தேன்,
என்ன விசா, எப்ப முடியுது, எப்ப திரும்பிப் போவார்
என்று வரும் என.
அவன் கட்டிலுக்குக் கீழே கோப்புக் கோப்பாய் இருந்த
எல்லாப் படிவமும் கேட்ட கேள்வி.
இது கேட்கவில்லை.
இங்கே வசித்தார் என்று எழுதிக்கொண்டு
பேசாமல் கடந்து போனது.

இறந்தவருக்கு உங்கள் உறவு?
அவனுக்கு நான் இருநூற்று நாற்பது டொலர் கடன்.
நண்பர், என்றேன்.
கீழே கையெழுத்துப் போட்டேன்,
நானும் என் அப்பாவின் பெயரில்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது,
தடித்த தாள், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் முத்திரை.
படம் எடுத்து அனுப்பினேன்.
கண் தெரியவில்லை, வாசி என்றார்.
வாசித்தேன்.
குடும்பப் பெயர்: கந்தவனம்.

அந்தப் பக்கம் யாரோ வாளியை நிலத்தில் வைக்கும் சத்தம்.
பிறகு கேட்டார்,
"அப்ப, செத்தது நானெண்டே எழுதியிருக்கு?"

திருத்தலாம் ஐயா, அதுக்கும் ஒரு படிவம் இருக்கு,
என்று தொடங்கினேன்.

"வேண்டாம்.
ஒழுங்குப்படி பாத்தா என்ர பேர்தானே முதல் வரவேணும்.
கிடக்கட்டும்."

மறுநாள் வங்கிக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன்.
போன் கொம்பனிக்கு இன்னொன்று.
இரண்டு இடத்திலும் "மிஸ்டர் கந்தவனத்தின்" என்றுதான்
அனுதாபத்தைத் தொடங்கினார்கள்.
ஓம், என்றேன்.
கணக்கை மூடுவதற்கு எங்கே கையெழுத்து என்று கேட்டேன்.