மைனஸ் ஆறேகால்

கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடையில் மாடி இருட்டறை என்னுடையது.
இது தெளிவா, அது தெளிவா என்று
ஒரு நாளைக்கு முப்பது பேரைக் கேட்கிறேன்.
ஒரு கட்டத்தில் ரெண்டும் ஒண்ணுதான் மேடம் என்பார்கள்.
அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.
அதற்குமேல் கேட்டால்
என் மனம் கோணாதிருக்கப் பொய் சொல்லத் தொடங்குவார்கள்.

கீழ்த்தளத்தில் ஃபிரேம் விற்பவள் ஷில்பாஸ்ரீ.
அங்கே யாரும் கண்ணாடி வழியாக எதையும் பார்ப்பதில்லை,
கண்ணாடியில் தங்களைத்தான் பார்க்கிறார்கள்.
தமிழில் ரெண்டுக்கும் ஒரே பேர் என்றேன்.
கன்னடத்தில் வால் மட்டும் வேறு என்று சிரித்தாள்.

எனக்கு மைனஸ் ஆறேகால்.
கழற்றினால் உலகம் தண்ணீரில் விழுந்த செய்தித்தாள்.
ஃபிரேமின் கால் ஒடிந்த ஆகஸ்ட் மாலை
அல்சூர் மெட்ரோ வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன்.
பக்கத்தில் ஒருவன்.
மங்கலில் மனம் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை;
தெரியாத மூக்குக்கு நல்ல மூக்காகப் பார்த்து வைக்கிறது,
தாடையை இழைத்துத் தருகிறது.
எனக்காக வந்து நின்ற ஆட்டோவின் எண்ணை
ஏழு, மூணு, மறுபடி மூணு, ஒன்பது என்று
குலுக்கல் பரிசு அறிவிப்பதுபோல நிதானமாக வாசித்தான்.
அவனுடைய எண்ணையும் அதே குரலில் வாங்கிக்கொண்டேன்.
இந்திராநகர் போய்ச் சேர்வதற்குள்
முழு முகமும் வரைந்து முடித்திருந்தேன்.

ஞாயிறு, ஃப்ரேசர் டவுனில் காபி. புதுக் கண்ணாடி.
கிளமென்ட் உள்ளே வந்தான்.
வரைந்தது ஒருவனை, வந்தது இன்னொருவன்.
கன்னத்தில் பருக்குழிகள், கழுத்தோடு கரைந்த தாடை,
வரிசை விட்டு நிற்கும் ஒரு பல்.
மூன்று வினாடி இருக்கும்.
வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்ற வாக்கியத்தை
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
அந்த மூன்று வினாடியை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

முன்பு ஒருவன் இருந்தான்.
அவன் தாடை எலும்புக்காக
எட்டு மாதம் என்னென்னவோ மன்னித்தேன்.
தாமதமாக வந்தால் வேலை அதிகம் என்றும்
பேசாமல் இருந்தால் ஆழமானவன் என்றும்
நானே வக்கீல், நானே நீதிபதி.
ஆழமெல்லாம் இல்லை. பேச ஒன்றும் இல்லாதவன்.
கிளமென்டுக்கு அந்த வக்கீல் கிடைக்கவில்லை.
பஸ் லேட் என்றால்
எந்த நம்பர் பஸ் என்று கேட்டேன்.

ஒரு வருஷம் கழித்து ஏரிக்கரையில்
வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னான்:
நீ இன்னும் கொஞ்சம் அழகா இருந்திருந்தா
அன்னைக்குப் பேசியிருக்கவே மாட்டேன். பயம்.
பாராட்டுபோலவே சொன்னான்.
நான்கு நாள் போனை எடுக்கவில்லை.
ஐந்தாம் நாள் பல் தேய்க்கையில்
வாய் நிறைய நுரையோடு தோன்றியது:
நான் வரைந்தபடியே அவன் வந்திருந்தால்
என் இடது கன்னத்து மச்சத்தைக் கையால் மறைத்தே
அந்தக் காபியைக் குடித்திருப்பேன்.
எழுந்ததும் முதலில் வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

ஷில்பாஸ்ரீ போட்டோ கேட்டாள். காட்டினேன்.
ஒரு வினாடி பார்த்தாள். நல்ல பையன் என்றாள்.
அந்த ‘நல்ல’வின் எடை எனக்குத் தெரியும்.
படத்தை நானும் பார்த்தேன்.
அழகனா, இல்லையா, இதா, அதா,
எவ்வளவு உற்றுப் பார்த்தும்
கிளமென்டாகத்தான் இருந்தான்.

போன வாரம் அவனே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான்.
ராத்திரியில் போர்டெல்லாம் மங்குகிறதாம்.
விளக்கை அணைத்தேன்.
அவன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.
எழுத்துகளை அதே நிதானத்தில் வாசித்துக்கொண்டு வந்து
கடைசி இரண்டு வரியில் திணறினான்.
இரண்டு கண்ணிலும் மைனஸ் முக்கால்.
பல வருஷமாக இருந்திருக்க வேண்டும்.
அந்த மழை, இருட்டத் தொடங்கிய வாசல், நனைந்த நான்.

எண்ணைச் சீட்டில் எழுதினேன்.
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.
போடணுமா என்று கேட்டான்.
அவசரமில்லை என்றேன்,
அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.