நாற்பத்தேழாவது வரி

கல்யாணம் முழுக்க ஒரே ஷீட்டில் இருக்கிறது.
நூற்றுப்பன்னிரண்டு வரிகள்.
முடிந்தது பச்சை. பேச்சில் இருப்பது மஞ்சள்.
பணம் கேட்பதெல்லாம் சிவப்பு.

இசக்கிராஜ் மாலாடிலிருந்து திறப்பான்,
நான் தாராவியிலிருந்து.
பாதி ராத்திரியில் அவன் கர்சர் வந்து
என் கர்சருக்குப் பக்கத்தில் நின்று துடிக்கும்.
ஒன்றும் எழுத மாட்டான்.
பாந்த்ரா பாறைகளில் இடம் கிடைக்காதவர்களுக்கு
அதுதான் கடற்கரை.

ஆவணிக் கடைசி.
முகூர்த்தம் ஒன்பது பத்திலிருந்து பத்து இருபது.
பக்கத்துக் கட்டத்தில் கடல் ஏறும் நேரம்:
பன்னிரண்டு நாற்பத்தொன்று.
மழையும் ஓதமும் சேர்ந்தால்
சயான் ரோட்டில் செருப்பு மிதக்கும்.
அதற்குள் கடைசிப் பந்தி எழுந்துவிட வேண்டும்.
ஐயருக்கு ராகுகாலம், எனக்கு ஓதகாலம்.

டிரோன் வேண்டும் என்றான் தம்பி சுடலைமுத்து.
விமானங்கள் எங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசிப் போகிற ஊர்,
அனுமதி கிடையாது.
வரியை அழித்தேன்.
"அப்ப ஏணியில நின்னு எடுக்கேன்."
வரி சேர்த்தேன்: ஏணி, ஒன்று.

ஆல்பம்காரர் ஒரு மாதிரி காட்டினார்.
ஆறு வருஷமாய்ச் சுவரில் இருக்கும் அப்பாவை
மணமேடைக்கு இறக்கி
என் தோளில் கை வைக்கச் செய்திருந்தது கம்ப்யூட்டர்.
உடம்பில் ஷெர்வானி.
அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இந்தக் கோட்டு அவுகளுக்குக் கிடையாதே" என்று
போனைத் திருப்பித் தந்தாள்.

நேற்றுக் காலை
நாற்பத்தேழாவது வரி மாறியிருந்தது.
குத்துவிளக்கு ஏற்றுவது: தவமணி
என்று நானே அடித்த இடத்தில்
மல்லிகா அத்தை.

மாப்பிள்ளை வீடு, வேறு யார்.
இசக்கிராஜுக்குச் சொற்களைத் தீட்டிக்கொண்டே
குர்லா வரை நின்றபடி போனேன்.
தாலி அறுந்தவள் கை விளக்கில் படக்கூடாதா,
உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்,
இல்லாவிட்டால் நூற்றுப்பன்னிரண்டையும்
மொத்தமாய்ச் சிவப்பாக்குகிறேன்.

அனுப்புவதற்கு முன்
கட்டத்தை அழுத்திப் பிடித்து
திருத்திய வரலாற்றைத் திறந்தேன்.

இரண்டு பதினாலு: தவமணி, நீக்கப்பட்டது.
இரண்டு பத்தொன்பது: தவமணி, சேர்க்கப்பட்டது.
இரண்டு முப்பத்தொன்று: தவமணி போய் மல்லிகா அத்தை.
மூன்றையும் செய்தவர்: தவமணி.

போன ஞாயிறு
நான்தான் அம்மாவுக்கு எடிட் உரிமை கொடுத்தேன்.
விரலைப் பிடித்துக் காட்டியும் கொடுத்தேன்,
எப்படி அழிப்பது, எப்படி எழுதுவது.

சயான் ஆஸ்பத்திரியில்
ரத்தச் சீசாக்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள்.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒருவர் பெயரை இன்னொருவர்மேல் ஒட்டியதில்லை.

பத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்று வரை
பன்னிரண்டு நிமிஷம்
விளக்கு அவள் கையில் இருந்திருக்கிறது.
நான் ஓரடி தள்ளித்தான் படுத்திருந்தேன்.
போன் வெளிச்சம் கண்ணில் பட்டு
திரும்பிப் படுத்த ஞாபகம்கூட இருக்கிறது.

குர்லாவில் இறங்கவில்லை.
பெயரைத் திரும்ப அடித்தேன்.
அந்த ஒரு கட்டத்தைப் பூட்டினேன்.
திறக்கும் உரிமை எனக்கு மட்டும்.

இன்று காலை குக்கர் சத்தத்துக்கு நடுவே,
"ஏட்டி, அந்தச் சீட்டுல ஒரு கட்டம் மட்டும்
அசைய மாட்டேங்கு."
"கெட்டுப்போச்சும்மா."
"சரி பண்ண முடியாதா?"
"கல்யாணம் முடிஞ்சாத்தான்."
அம்மா என்னைப் பார்த்தாள்.
நான் குக்கரைப் பார்த்தேன்.

மத்தியானம் ஆபீசில் திறந்தபோது
நூற்றுப்பதின்மூன்றாவதாய் ஒரு வரி,
கலர் கொடுக்கத் தெரியாமல் வெள்ளையாகவே:

திரி, எண்ணை நானே கொண்டாறேன்.
தீப்பெட்டி ரெண்டு. மழை.