அலமாரிக் கண்ணாடி

என் ரவிக்கையில்
இடது கைக்குக் கை கிடையாது.
துணி உரசினாலே சுடுகிறதென்று
நானே வெட்டிவிட்டேன், நல்ல கையால்.
பகாவ் பேருந்து நிலையத்தில்
ஒருமாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முள் ஒன்றுதான்.
செம்பனை உதிரிப்பழம் பொறுக்கையில்
மணிக்கட்டுக்குக் கீழே ஏறியது.
அரை விரற்கடைகூட இருக்காது.
மண்டோர் கேட்டார், "இதுக்கா லீவு?"
முள்ளை எடுத்தாயிற்று,
சீழ் வடிந்து தோலும் மூடியாயிற்று.
பதினான்கு மாதமாகிறது.
முள் போன செய்தி மட்டும்
இன்னும் கைக்குப் போய்ச் சேரவில்லை.

மழை பட்டால் வெந்நீர்.
காற்றுப் பட்டால் மிளகாய்.
எதுவும் படாவிட்டால்
தீயெறும்புப் புற்றுக்குள் விட்டுவைத்த கை.
சொக்சோ கவுண்டரில் எட்டிப் பார்த்து
"காயம் எங்கே?" என்றார்கள்.
இருந்தால் காட்டியிருக்க மாட்டேனா?

சீன மருந்துக்கடையில் பச்சை எண்ணெய், பதினெட்டு வெள்ளி.
உருவிவிட வந்த மக் லீஜா
விரல் வைத்ததும் நான் போட்ட கத்தலில்
காசு வாங்காமல் எழுந்து போனாள்.
பாசார் மாலாமில் விற்ற காந்த வளையலை
வீட்டுக்காரர் ஆசையாய் வாங்கிவந்தார்.
அது பூஜைத்தட்டில் கிடக்கிறது,
சாமிக்காவது ஆகட்டும்.

சிரம்பானில் பெரிய டாக்டர்
முதுகெலும்போரம் கம்பி வைக்கலாம் என்றார்.
கீறி, வைத்து, தைத்து,
மறுநாளே வீட்டுக்குப் போகலாமாம்.
தொகையைச் சொன்னதும்
வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.
நான் தொகையை நினைக்கவில்லை.
ஒன்று உள்ளே நுழைந்துதான் இத்தனையும்.
இனி எதுவும் எனக்குள் நுழைய வேண்டாம் டாக்டர்
என்றேன், என் உடைந்த மலாயில்.

கோலாப்பிலா ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்.
தெய்வானை சின்னக்கருப்பன் என்ற பேரை
ஆறாய் உடைத்துக் கூப்பிட்ட ஹஃபிஸ்
என் கையைத் தொடவே இல்லை.
மேசையில் ஒரு கண்ணாடியை நிறுத்தினான்.
கெட்ட கை அதற்குப் பின்னால்,
நல்ல கை முன்னால்.
"நல்லதை அசைங்க மக்சிக்,
கண்ணாடியை மட்டும் பாருங்க."
இதற்கா விடிகாலை பஸ் ஏறினேன்?

விரலை மடக்கினேன்.
கண்ணாடியில் மடங்கியது இடது கை.
முள் ஏறாத இடது கை.
வெட்கமில்லாமல் அழுதேன்.
அவன் டிஷ்யூவைத் தள்ளிவைத்துவிட்டுக்
கணினியில் என்னவோ தட்டினான்.

தினம் மூன்று வேளை, பத்து நிமிடம்.
கண்ணாடிக்கு எங்கே போவது?
வீட்டுக்காரர் அலமாரிக் கதவைக் கழற்றினார்.
அன்றுமுதல் அவர் சவரம் செய்வது
மோட்டார்சைக்கிள் கண்ணாடியில்,
ஒரு தாடையில் எப்போதும் மிச்சம் வைத்து.

ஹஃபிஸ் கொடுத்தது பஞ்சுப் பந்து.
எனக்கு அது வசப்படவில்லை.
வேலிக்கு வெளியே லோரி சிந்திய
பழங்களைப் பொறுக்கிவந்தேன்.
தட்டிலிருந்து சட்டிக்கு ஒவ்வொன்றாய்.
கண்ணாடிக்குள்ளிருப்பவளும் பொறுக்குகிறாள்,
என்னைவிடச் சுறுசுறுப்பாக.
அவளுக்கு வலியில்லை.
கூலியும் இல்லை.

குணமாகிவிட்டதா என்று
பக்கத்து லயத்து மேகலை கேட்கிறாள்.
என்ன சொல்வது?
பார்க்கும்வரை தணிகிறது,
கண்ணாடியைச் சுவரில் சாய்த்ததும்
தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது,
சம்பள நாளில் வரும் கடன்காரனைப்போல.
ஆனால் முந்தி
வாசலிலேயே குடியிருந்தான்.

நேற்று ராத்திரி புழுக்கம்.
காற்றாடியின் தலையை
எப்போதும் அவர் பக்கமே பூட்டிவைப்போம்.
அவர் தூங்கியபின் பொத்தானை அழுத்தித்
திரும்ப விட்டேன்.
வந்தது. என் தோள், என் முழங்கை,
பிறகு அந்த இடம்.
பல்லைக் கடித்து எண்ணினேன்.

பதினேழு வரை.
அப்புறம் எழுந்து பூட்டிவிட்டேன்.