நண்டுத் துண்டின் பின்பக்கம்

முதல் மாதம்
மெலிஞ்சிமுனை வாசிகசாலையில்
இருபது கதிரை போட்டோம்.
வந்தது கிராம அலுவலரும்
அவருடைய குடையும்
ஒரு நாயும்.
பதாகையில் புற்றுநோய் என்று பெரிதாய் எழுதியிருந்தோம்.
அதைப் பார்த்துத்தான்
சைக்கிள்கள் மற்ற ஒழுங்கையால் திரும்பின என்று
பிறகு சொன்னார்கள்.

என் கையில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
கொழும்பில் ஒரு குளிரறையில் பிறந்து
தமிழுக்குப் பெயர்க்கப்பட்டு வந்தவை.
பதினேழாவது:
வெற்றிலை, பாக்கு, புகையிலை
நாளொன்றுக்கு எத்தனை தடவை?
எமிலியானுஸ் சிரித்தார்.
'நாள் எண்டு எதைச் சொல்லுறியள் பிள்ளை?
நாங்கள் இரவில சீவிக்கிற ஆக்கள்.'

வலையைப் படுத்துவிட்டு
விடியும்வரை அதற்குக் காவல்.
கண் சொருகினால்
இழுவைப் படகு அள்ளிக்கொண்டு போய்விடும்
வலையையும் வட்டிக்கு வாங்கின காசையும்.
கன்னத்துக்குள் ஒதுக்கிய புகையிலை எரியும்.
அந்த எரிவுதான் அவரை எழுப்பிவைப்பது.
'விடச் சொன்னால் விடுறன்.
நித்திரைக்கு என்ன வைச்சிருக்கிறியள்?'

அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
அடுத்த வீட்டிலும் ஓரத்தில்.
ஆறாம் வீட்டில்
ஓரம் முடிந்துபோயிற்று.

றெஜிஸ்மேரி
நண்டுக் கம்பெனியில் நிறுக்கிறவள்.
தராசிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்:
'செவ்வாய் காலமை வாசிகசாலைக்கு ஆர் வருவினம்?
நண்டு காத்துக்கொண்டிருக்குமோ?
பத்தரைக்கு இஞ்ச வாங்கோ.
காசுக்கு நிக்கிறவை
வாயைத் திறந்துகொண்டு நிக்கட்டுமன்.'

அப்படித்தான்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல்,
ஒரு டோர்ச், ஒரு பெட்டி கையுறை.
ஆ எண்டுங்கோ.
நாக்கைத் தூக்குங்கோ.
எமிலியானுஸின் இடக் கன்னத்தில்
அரிசி மணியளவு வெள்ளை.
முப்பத்துநாலு வயது ஞானசோதியின் வாய்க்குள்
வைத்தியரின் இரண்டு விரல் போகவில்லை.
ஒரு வருசமாய்க் கஞ்சிதான் குடிக்கிறாளாம்.
'உறைப்புச் சாப்பிட்ட எரிவு எண்டு நினைச்சன்'
என்றவள்
உடனே கேட்டாள்,
'தெல்லிப்பழைக்கு எத்தினை பஸ்?'

இரண்டு பஸ்.
ஒரு நாள் கூலி.
பிள்ளையைப் பார்க்க இன்னொரு ஆள்.
இதற்கும் கட்டமில்லை.
வியாழன்களில் ஐஸ் எடுக்க
வெறுமையாய்ப் பட்டினம் போகிற லொறி இருந்தது.
சாரதி நேசராசா பின்னுக்கு ஒரு வாங்கு போட்டான்.
அந்தச் செலவு போக்குவரத்தா, ஏனையவையா என்று
நிதிப் பிரிவு மூன்று கடிதம் எழுதியது.

இளஞ்சிவப்பில் அச்சடித்த திகதி அட்டைகளை
வீடுகளில் தேடினால் கிடைக்காது.
ஒன்றில் ஒரு பிள்ளை தோணி வரைந்திருந்தது.
ஆனால் நண்டு நிறுத்த துண்டு
ஒருநாளும் தொலையாது.
அது காசு.
சட்டைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால்,
மடியில் முடிச்சுப் போட்டு.
அதன் பின்பக்கத்தில் திகதி எழுதத் தொடங்கினேன்.
பதினொரு பேரில் எட்டுப் பேர்
அந்த வியாழன் லொறியில் ஏறினார்கள்.
ஞானசோதி முன் ஆசனத்தில்,
துவாயால் வாயை மூடிக்கொண்டு.

எமிலியானுஸ் ஏறவில்லை.
மூன்று கிழமை கழித்துத் தராசடியில் பிடித்தேன்.
மடியை அவிழ்த்துத் துண்டைக் காட்டினார்.
முன்பக்கம், காபன் எழுத்து:
நாலு கிலோ முந்நூறு. பளிச்சென்று.
பின்பக்கம், என் ஜெல் பேனை:
கடல்தண்ணி பட்டு
ஒரு நீலக் கறை.
'எந்த வியாழன் எண்டு விளங்கேல்ல.
கேக்க வெக்கமாக் கிடந்தது.'

டோர்ச்சை அடித்தேன்.
வெள்ளையைச் சுற்றி
மெல்லிய சிவப்பு ஓரம்.

அன்று பின்னேரம்
கஸ்தூரியார் வீதியில்
ஒரு பெட்டி காபன் தாள் வாங்கினேன்.
பற்றுச்சீட்டை நிதிப் பிரிவுக்கு அனுப்பினேன்,
ஏனையவை என்று
நானே எழுதி.