வெறுமைச் சான்று

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
கீழச்சீவல்பட்டிக் காவல் நிலையத்தில்
உரிமத் துப்பாக்கிகளை வாங்கி வைக்கும் வேலை எனக்கு.
பேரேடு, அரக்கு, சணல், சீட்டு.

முதலில் சாத்தப்பன் வந்தார்.
பெட்டிக்குள் கறுப்பு நுரையில் படுத்திருந்தது
டெக்சாஸ் மகன் வாங்கித் தந்து
தீர்வை கட்டி இறங்கிய துப்பாக்கி.
"இதுவும் வாய்வழி மருந்து போடுறதுதான்" என்றார்,
நான் நம்பமாட்டேன் என்பதுபோல.
மழையிலும் பற்றுமாம்.
மருந்து வில்லை வில்லையாக, மாத்திரை மாதிரி.
இருநூறு கெஜத்தை மூக்கருகே கொண்டுவரும் கண்ணாடி.
பின்பக்கத் திருகாணியைக் கழற்றி நீட்டினார்.
குழாய் வழியே பார்த்தேன்:
சுவர் நாட்காட்டியில்
முருகனை விட்டு மயிலின் கண் மட்டும்.
காலி. எழுதிக்கொண்டேன்.

அடுத்து கிசோர்,
குறவர் குடியிருப்பிலிருந்து எக்ஸெல் வண்டியில்.
பின்னால் மனைவி ரஜினா,
அவள் மடியில் சேலைத்துணி சுற்றிய நீளம்.
தயாரிப்பு: தெரியாது.
வரிசை எண்: இல்லை.
அடையாளம்: கட்டையில் விரிசல், அதன்மேல்
சைக்கிள் டியூப் கட்டு.
நோக்கம் என்ற கட்டத்தில்
இரண்டு பேருக்கும் பயிர்ப் பாதுகாப்பு.
இரண்டு பேருக்கும் வயல் கிடையாது.

"காலிதானே?"
கெட்டிக்கம்பியை உள்ளே விட்டான்.
வெறுங்குழாய் என்றால் வாயோடு நிற்க வேண்டும்.
நான்கு விரல் வெளியே நின்றது.
எல்லோரும் அந்த நான்கு விரலைப் பார்த்தோம்.

"போன வருசம் போட்டது மேடம்.
பன்னி வரல. அப்படியே கெடக்கு."
"எடுத்துடு."
"இதுக்குப் பின்னால வழி இல்லயே.
போன வழியாத்தான் வரணும்."

எஸ்.ஐ. போனில் முனகிவிட்டுச் சரி என்றார்.
நிலையத்துக்குப் பின்னே வறண்ட கண்மாய்.
கேப்பு வைத்து இழுத்தான்.
டிக்.
அவ்வளவுதான்.
"அசையாதே, ஒரு நிமிசம்!"
சாத்தப்பன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்.
கிசோர் எண்ணவில்லை.
கரைமண்ணைப் பார்த்துக் குழாயைப் பிடித்தபடி
தலை சாய்த்து நின்றான்,
அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பவன் போல.

இரண்டாம் கேப்பு. டிக்.
பிறகு, ரஜினா முந்தானையால் காதை மூடும் அளவு
ஓர் இடைவெளி.
பிறகுதான் அது.
கருவேலத்துக் கொக்குகள் மொத்தமும் மேலே.
புகை நகராமல் நின்றது, காயப்போட்ட வேட்டியாக.
சாத்தப்பன் இருமிக்கொண்டே சிரித்தார்.
"நான் ஒருதரம் சுடட்டுமா?"
"மருந்து இல்ல சார்."
இடுப்பில் மருந்துக்குப்பி தொங்கத்தான் செய்தது.

மறுபடி கம்பி. வாயோடு நின்றது.
நானும் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன்.

"அந்தத் திருகாணி வயக்காட்டுல விழுந்துட்டா?"
கிசோர் கேட்டதற்கு
"வரவழைக்கணும்" என்றார் சாத்தப்பன், சத்தமில்லாமல்.

ஒரே பீரோ. பக்கத்தில் பக்கத்தில்.
"மாறிப்போயிடாதே மேடம்?" என்றாள் ரஜினா.
மாறாது என்றேன்.

கையெழுத்துப் போட்ட பிறகே கவனித்தேன்:
இடது சுட்டுவிரல் நகத்தடியில் கறுப்பு.
ஓட்டுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.