விடாத கிளிப்

கிளிப் எண்ணுவது என் வேலை,
பெட்டிக்கு இருபத்துநான்கு.
நட்சத்திரம் எண்ணுவது நெல்டாவின் வேலை.

புந்தா அரேனாஸில் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும்.
வீசுகிற நாட்களில் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
இங்கே துணி உலர்த்துவது
நேர்த்திக்கடன் மாதிரி:
போனது போக மிஞ்சியது நமது.

அதனால்தான் இந்தக் கடை.
போனில் திறந்தால் பளபளவென்று இருக்கும்.
இந்தப் பக்கம் ஒரு கார் ஷெட்,
ஒரு தராசு, ஒட்டும் நாடா,
கால் பக்கம் மட்டும் சூடாகும் ஹீட்டர்.

முதல் ஐந்து பாராட்டும் சொந்தக்காரர்கள்.
அத்தை மகள் ஒர்ஃபெலினா எழுதினாள்:
"சூப் அருமை, உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம்."
எந்தக் கடை என்று நினைத்தாளோ.
அழிக்கத் தெரியவில்லை எங்களுக்கு.
நான்கு மாதம் அதுதான் முகப்பில் நின்றது.

ஆறாவது ஆள் அந்நியர், ஹெரிபெர்த்தோ மான்சீயா.
"கிளிப் விடவில்லை. கயிறு விட்டுவிட்டது.
என் நீலச் சட்டை
உங்கள் கிளிப்போடு சேர்ந்து
ஜலசந்தியின் மேல் பறந்து போனது.
ஒரு நட்சத்திரம்."

நெல்டா அன்று சாப்பிடவில்லை.
அப்புறம் பதில் போட்டாள்:
"வருந்துகிறோம். கயிறு நாங்கள் விற்பதில்லை.
சட்டைக்குக் காலர் பட்டன் உண்டா?"
ஏன் அதைக் கேட்டாள் என்று
இன்றுவரை சொல்லவில்லை.

சந்தியாகோவிலிருந்து ஒருவன் போன் செய்தான்.
ஐந்நூறு பேர், ஆளுக்கு ஐந்து நட்சத்திரம்,
தவணையில் கட்டலாம்,
எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்களாம்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிற ரீதியில் பேசினான்.
இங்கே எப்போது ஐயா காற்று இல்லை?
நெல்டா போனை வைத்துவிட்டாள்.
விலையை மட்டும் ஓர் அட்டையில் குறித்திருந்தாள்,
நான் பார்த்தேன்.

செப்டம்பரில் அக்கரையிலிருந்து ஒரு படம்.
போர்வெனீருக்கு வெளியே ஆட்டுவேலி,
முள்கம்பியில் ஒரு சட்டை,
தோள்பட்டையை இன்னும் கவ்வியபடி ஒரு கிளிப்.
எடுத்தவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
"கடல் தாண்டியும் விடவில்லை பாருங்கள்" என்று
எங்கள் கடைப் பெயரைப் போட்டுவிட்டாள்.

இரண்டே நாளில் வானொலியில் நாங்கள்.
உசுவாயாவிலிருந்து ஆர்டர், ரியோ காயேகோஸிலிருந்து ஆர்டர்.
மீன்பிடிக் கப்பல் ஒன்று முந்நூறு கேட்டது,
எதற்கென்று கேட்க நேரமில்லை.
என் விரல்நுனிகள் மரத்துப்போயின.

மூன்றாம் இரவு
நெல்டா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
மங்கல் சதுரங்கள்வரை போனாள்.
"சுருளை எண்ணு."
எண்ணினேன். நான்கு.
எங்கள் கம்பி மூன்று சுற்று.
சட்டையும் நீலமில்லை, சாம்பல்.
வெயிலில் வெளுத்திருக்கும் என்றேன்,
அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்து.
"கம்பிச் சுற்று வெயிலில் கூடுமா?" என்றாள்.

தகரக்கூரை அதிர்ந்துகொண்டிருந்தது.
எழுதினாள். அழித்தாள். தேநீர் போட்டாள், குடிக்கவில்லை.
மூன்று மணிக்கு அனுப்பினாள்:
"அது எங்கள் கிளிப் இல்லை.
நல்ல கிளிப். யார் செய்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள்."

காலையில் நாற்பத்தொரு ஆர்டர் ரத்து.
கட்டிய பெட்டிகளைப் பிரித்தேன்.
நாடா உரிகிற சத்தம்
நாய் உறுமுவது போல் இருந்தது நாள் முழுக்க.
கப்பல்காரர்கள் ரத்து செய்யவில்லை,
படிக்கவேயில்லை போல.
சந்தியாகோக்காரன் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினான்.

வியாழக்கிழமை
மான்சீயா திரும்பி வந்து திருத்தியிருந்தார்:
"சட்டை இன்னும் கிடைக்கவில்லை.
காலர் பட்டன் உண்டு.
இரண்டு நட்சத்திரம்."

நெல்டா சத்தம்போட்டு வாசித்தாள்.
திரும்பவும் வாசித்தாள்.
எண்ணிக்கொண்டிருந்தவன் பத்தொன்பதில் தவறவிட்டேன்,
கொட்டிவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.